பதுங்குகுழி மாத்திரை

1917-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் லட்சக்கணக்கான சிப்பாய்கள் மண்ணைத் தோண்டி அதற்குள் குடியிருந்தார்கள். தலைக்கு மேல் குண்டு, காலடியில் சேறு, குடிப்பதற்குக் குண்டு விழுந்த பள்ளத்தில் தேங்கிய தண்ணீர். அந்தச் சிப்பாய்க்காக ஹென்றி டேக்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளரும் எட்வர்ட் டன்ஹாம் என்ற அமெரிக்க மருத்துவரும் ஒரு சேர்மத்தைத் தயாரித்து, அந்த ஆண்டே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பெயர் ஹாலசோன். நான்கு மில்லிகிராம் மாத்திரை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றைப் போட்டு அரை மணி நேரம் பொறுத்தால் டைபாய்டு கிருமியும் காலரா கிருமியும் செத்துப்போகும்.

யாருக்காகச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தண்ணி டேங்க் இல்லாதவனுக்கு. தெருக்குழாய் இல்லாதவனுக்கு. வார்டு கவுன்சிலர், மண்டல அலுவலகம், புகார் எண் எதுவும் இல்லாதவனுக்கு. நாளைக்கு உயிரோடு இருப்பானா என்பதே அவனை அனுப்பிய அரசாங்கத்துக்குத் தெரியாத ஒருவனுக்கு.

அந்த மாத்திரையின் பேரப்பிள்ளைகளைத்தான் தென்சென்னைப் புறநகரில், வெள்ளம் வடிந்தாலும் வயிற்றுப்போக்கு பரவினாலும், வீடு வீடாக வந்து கொடுக்கிறார்கள். சொத்துவரி ரசீது வைத்திருக்கிற குடிமக்களுக்கு.

மாத்திரை மேல் எனக்குக் கோபம் கிடையாது. டேக்கினைக் கும்பிட வேண்டும். காயத்தில் சீழ் பிடித்துச் செத்துக்கொண்டிருந்த சிப்பாய்களுக்காக 1915-ல் ஹைப்போகுளோரைட் கரைசலைத் தோல் தாங்கும் அளவுக்குப் பக்குவப்படுத்தியவர் அவர். அலெக்ஸி காரெல் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து பிரான்சில் கொம்பியேன் போர்க்கள மருத்துவமனையில் அதைப் பயன்படுத்திக் காட்டினார். ஃபிரெடரிக் சாட்டவே 1905-ல் தயாரித்து வைத்திருந்த குளோரமின்-டி என்ற சேர்மத்தைக் கிருமிநாசினியாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்த வரிசையில் பிறந்ததுதான் ஹாலசோன். மூன்றுக்கும் மூலதனம் குளோரின்.

இதே குளோரினைத்தான் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்பர் நகரத்துக்கு அருகே ஜெர்மன் படை சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டது. எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தார்கள். கொல்வதற்கு ஒரு குளோரின், காப்பதற்கு ஒரு குளோரின் என்று இரண்டு பயன்களை ஐரோப்பா கண்டுபிடித்தது. மூன்றாவது பயனைக் கண்டுபிடித்த பெருமை நம்முடையது. கணக்குக் காட்டுவதற்கு ஒரு குளோரின்.

பிளீச்சிங் பவுடரைச் சொல்கிறேன். அமைச்சர் வருகிறார் என்றால் முதல்நாள் ராத்திரியே சாலையின் இரண்டு ஓரமும் வெள்ளைக்கோடு விழுந்துவிடும். கோலம்கூட இத்தனை நேராக வராது. சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிச் செய்கிற இந்தப் பொடியை 1799-லேயே சார்லஸ் டெனன்ட் காப்புரிமை வாங்கி விற்றார். புதிதாக இருக்கும்போது அதில் ஏறத்தாழ 33 சதவீதம் வேலை செய்யக்கூடிய குளோரின். காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும் என்று பொதுச் சுகாதாரப் பாடப்புத்தகம் சொல்கிறது. மூட்டையின் வாயைத் திறந்து வைத்து, மழையில் நனையவிட்டு, பிறகு வெயிலில் தார்ச்சாலை ஓரத்தில் தூவினால் மிஞ்சுவது சுண்ணாம்பு. சாலையோரப் புழுதிக்கு எந்த நோய் வந்து எதைக் குணப்படுத்தினார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அமைச்சரின் கார் கண்ணாடி ஏற்றியபடி போய்விடும். தண்ணீருக்குள் போக வேண்டிய பொடி தெருவில் கிடக்கும்; தெருவில் ஓட வேண்டிய சாக்கடை தண்ணீருக்குள் போகும். நிர்வாகம் என்றால் இப்படி ஒரு சமநிலை வேண்டாமா?

இருபதாம் நூற்றாண்டின் அதே தொடக்கத்தில் குளோரின் இன்னொரு பாதையிலும் போனது. 1905-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் டைபாய்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அலெக்சாண்டர் ஹூஸ்டன் என்ற மருத்துவர் மாத்திரை விநியோகிக்கவில்லை. ஊருக்குப் போகும் மொத்தத் தண்ணீரிலும் ஹைப்போகுளோரைட்டைக் கலக்கச் செய்தார். 1908 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குத் தண்ணீர் போகும் பூன்டன் நீர்த்தேக்கத்தில் ஜான் லீல் என்ற மருத்துவர் குளோரின் கலக்கத் தொடங்கினார், யாரிடமும் அனுமதி கேட்காமல். அந்தத் தண்ணீரின் தரம் பற்றிய வழக்கு அப்போது நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. இந்தத் தண்ணீரை நீ குடிப்பாயா, உன் குடும்பத்துக்குக் கொடுப்பாயா என்று கூண்டில் நிறுத்திக் கேட்டார்கள். கொடுப்பேன் என்றார். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இந்தக் கேள்வியைப் பல்லாவரத்திலோ பம்மலிலோ எந்த அதிகாரியைக் கூண்டில் ஏற்றிக் கேட்பது? அவர் வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது. அதற்கு மேல் கேன் தண்ணீரும் இருக்கிறது. 1917 மார்ச்சில் பாக்தாத்தைப் பிடித்த பிரிட்டிஷ் படையின் தளபதி ஜெனரல் மோட் அதே நவம்பரில் காலராவில் செத்துப்போனார். கிருமிக்கு அங்கே பதவி தெரியவில்லை. இங்கே நன்றாகத் தெரியும். அது மலைமேட்டுக்குப் போகும், காமராஜ் நகருக்குப் போகும், குடம் வைத்துப் பிடிக்கிற தெருவுக்குப் போகும்.

போனது. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் பல்லாவரத்தில், தாம்பரம் மாநகராட்சியின் 6-ஆவது வார்டிலும் அதை ஒட்டிய கண்டோன்மென்ட் பகுதியிலும் குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்கள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்டார்கள். மூன்று பேர் இறந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. தண்ணீர் சில நாட்களாகவே நாறுகிறது, நிறம் மாறி வருகிறது என்று அந்தத் தெருக்காரர்கள் சொன்னார்கள். குடிநீரில் கழிவுநீர் கலக்கவில்லை என்று அமைச்சர் மறுத்தார். தண்ணீர் மாதிரிகள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயின. தண்ணீரா, சாப்பாடா என்பது ஆய்வு முடிவு வந்தால்தான் தெரியும் என்றார்கள்.

அடடா, என்ன ஒரு அறிவியல் மனப்பான்மை! அரசாங்கத்துக்கு அறிவியல்மேல் பக்தி வருவது பிணம் விழுந்த மறுநாள் மட்டும்தான். தெருக்காரர்களின் மூக்கு சாட்சி ஆகாது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். கிங் இன்ஸ்டிட்யூட் 1899-ல் தொடங்கிய நிறுவனம். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளாகப் பல்லாவரத்திலிருந்து அரை மணி தூரத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. நாற்றம் அடித்த முதல்நாளே ஒரு பாட்டில் தண்ணீரை அங்கே அனுப்ப எந்தச் சட்டம் தடுத்தது?

இதிலே எரிச்சலூட்டுகிற விஷயம், அனுப்பவே வேண்டாம் என்பதுதான். தெருமுனையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். 1909-ல் ஏர்ல் ஃபெல்ப்ஸ் என்பவர், தண்ணீரில் குளோரின் மிச்சமிருக்கிறதா என்று அறிய ஆர்த்தோடாலிடின் என்ற சேர்மத்தைப் பயன்படுத்தலாம் என்றார். 1913-ல் எல்ம்ஸ், ஹவுசர் என்ற இருவர் அதை அளவு சொல்லும் சோதனையாக ஆக்கினார்கள். சில சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவோ, குளோரின் அவ்வளவு. நிறம் மாறவில்லை என்றால் அந்தத் தண்ணீருக்குக் காவல் இல்லை என்று பொருள். ஆர்த்தோடாலிடின் உடம்புக்கு ஆகாது என்பதால் இப்போது வேறு வேதிப்பொருளை வைத்து இளஞ்சிவப்பு நிறம் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இந்திய தர நிர்ணயம் 10500, குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய சோதனை. பெட்டி ஒன்று, குப்பி இரண்டு, ஒரு நோட்டுப் புத்தகம்.

நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் அலுவலகங்களில் தண்ணீர் இல்லாமல் போகலாம், பதிவேடு இல்லாமல் போகாது. ஒவ்வொரு நாளும் 0.2, 0.2, 0.2 என்று ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதப்பட்ட பதிவேட்டை நான் மனக்கண்ணால் பார்க்கிறேன். மழை பெய்த நாளும் 0.2. குழாயே திறக்காத நாளும் 0.2. உலகத்திலேயே இத்தனை நிலையான குளோரின் எந்த ஊரிலும் கிடையாது.

கழிவுநீர் எப்படிக் குழாய்க்குள் போகிறது என்பது ராணுவ ரகசியம் இல்லை. புறநகரில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. நாள் விட்டு நாள், சில தெருக்களில் அதற்கும் மேல். வால்வை மூடியதும் குழாய்க்குள் அழுத்தம் விழுகிறது. அந்த நேரத்தில் பூமிக்கடியில் கிடக்கிற குழாய், இளநீருக்குள் சொருகிய ஸ்ட்ரா மாதிரி, விரிசல் இருக்கிற இடமெல்லாம் சுற்றியிருப்பதை உறிஞ்சுகிறது. சுற்றியிருப்பது என்ன? கால்வாய்க்குக் குறுக்கே, சில இடங்களில் கால்வாய்க்குள்ளேயே, வீட்டு இணைப்புக் குழாய் போகிறது. பாதாளச் சாக்கடை முழுமையாக வராத தெருக்களில் செப்டிக் டேங்க் கசிவு. அடுத்தமுறை வால்வைத் திறந்ததும் நாலு வீட்டில் மோட்டார் போட்டு இழுக்கிறார்கள். விட்டால் ஒரு சொட்டும் கிடைக்காது என்ற பயம் அவர்களுக்கு. முதல் இரண்டு குடம் நாறும். மூன்றாவது குடத்தைச் சமையலுக்கு வைத்துக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் குளோரின் தோற்கும். அழுக்கு இருக்கிற தண்ணீரில் குளோரின் முதலில் அழுக்கோடுதான் வினைபுரியும். அதில் தீர்ந்தது போக மிச்சம் இருந்தால்தான் கிருமிக்கு. தொட்டியில் கலந்த 0.2-வும் 0.5-ம் சாக்கடை கலந்த முதல் விரிசலிலேயே செலவாகிவிடும். மாத்திரைக்கும் இதே கதி. டேக்கினின் மாத்திரையை நம்பிய சிப்பாய்கூடக் கலங்கலான தண்ணீரை முதலில் தெளியவிட வேண்டியிருந்தது.

மாத்திரை விநியோகம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காக:

“ஆயா, இந்தாங்க மாத்திரை. தண்ணியில போட்டு அரை மணி நேரம் கழிச்சுக் குடிங்க.”

“எவ்ளோ தண்ணிக்கு எத்தினி தம்பி?”

“ஒரு குடத்துக்கு ஒண்ணு.”

“எங்க வூட்ல டிரம்ல இல்ல புடிச்சு வச்சிருக்கோம்?”

“டிரம்முக்கும் போடுங்க. இங்க ஒரு கையெழுத்து.”

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் கூலிக்கு வருகிறவர், அவர் தெருவிலும் இதே தண்ணீர்தான். ஆனால் மாத்திரைக்கு அளவு உண்டு. ஹாலசோனில் நாலு மில்லிகிராம் ஒரு லிட்டருக்கு. நாக்பூரில் நீரி நிறுவனம் உருவாக்கிய குளோரின் மாத்திரையில் அரை கிராம் இருபது லிட்டருக்கு. இப்போது பொட்டலத்தில் வருகிற சோடியம் டைகுளோரோ ஐசோசயனுரேட்டுக்கு அந்தந்த மாத்திரையின் எடையைப் பொறுத்து வேறு வேறு கணக்கு. பொட்டலத்தின் மேல் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஆயா கையெழுத்துப் போட்ட படிவம் மட்டும் சுத்தத் தமிழில் இருக்கும், ஏனென்றால் அது கோட்டைக்குப் போகிற காகிதம்.

நகரத்துக்கு நிலையம், பதுங்குகுழிக்கு மாத்திரை. நூறு வருஷமாக உலகத்துக்கு இந்த வித்தியாசம் தெரியும். பக்கத்தில் இருக்கிற சென்னைக்கே தெரியும். கீழ்ப்பாக்கத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது 1914-ல், ஹாலசோன் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பு. அடையாற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் நாம் சிப்பாய்கள் ஆகிவிடுகிறோம்.

ஆனால் பெயர்ப்பலகையில் குறை வைத்ததில்லை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகக் கட்டி மாநகராட்சி ஆக்கினார்கள். எழுபது வார்டு. பேரூராட்சிக் குழாய்க்குள் ஓடிய அதே தண்ணீர் ஒரே ராத்திரியில் மாநகராட்சித் தண்ணீர் ஆனது. அடுத்து பெருநகர் ஆக்குவார்கள், அதற்கடுத்து மாபெருநகர். குழாய் அதே குழாய். அந்த 6-ஆவது வார்டுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. ஒரு தெரு மாநகராட்சிக்குச் சொந்தம், அடுத்த தெரு கண்டோன்மென்ட் போர்டுக்குச் சொந்தம். எல்லைக்கோடு சாக்கடைக்குத் தெரியாது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். ராணுவத்தின் நிலத்தில் குடிமகன் சிப்பாயின் மாத்திரையை வாங்கிக்கொள்வது ஒரு வகையில் பொருத்தம்தானோ என்னவோ.

தாம்பரத்துக்கு இப்படி ஒரு கதி வரும் என்று 1928-ல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த வருஷம் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கே ஒரு சானடோரியம் தொடங்கினார். நல்ல காற்று, அமைதி, மரம் என்று தேடி வந்து அவர் பிடித்த ஊர் இது. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்தது. 1937-ல் கிறித்தவக் கல்லூரி நகர நெரிசல் வேண்டாம் என்று இங்கே குடிவந்தது. சுற்றிலும் ஏரிகள்: சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை, பல்லாவரம் பெரிய ஏரி. பல்லாவரம் ஏரியை இரண்டாகப் பிளந்து துரைப்பாக்கத்துக்கு இருநூறு அடிச் சாலை போட்டோம். மிச்சத்தில் குப்பை கொட்டினோம். செம்பாக்கத்தில் சாக்கடையைத் திறந்துவிட்டோம். 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் புகுந்தபோது, ஊர் முழுக்கத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. படகில் வந்தது உணவுப் பொட்டலமும் மாத்திரையும்.

மீதி எல்லாரையும்போல நாமும் கேன் தண்ணீருக்குப் போய்விட்டோம். இருபது லிட்டர் கேன், சொத்துவரிக்கு மேலே மாதாமாதம் நாமே நமக்கு விதித்துக்கொண்ட தண்ணீர் வரி. அதுவாவது பாதுகாப்பா? பல்லாவரத்தில் ஜனங்கள் சுருண்டு விழுவதற்கு ஒரு வாரம் முன்பு, 2024 நவம்பர் இறுதியில், அடைத்து விற்கும் குடிநீரை ‘அதிக ஆபத்துள்ள உணவு’ப் பட்டியலில் சேர்த்தது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். குழாயில் வந்தால் உயிருக்கு ஆபத்து, கேனில் வந்தால் அதிக ஆபத்துப் பட்டியல். மூன்றாவது வழி, வானத்தைப் பார்த்து வாயைத் திறப்பது. அதற்கும் ஒரு படிவம் அச்சாகிக்கொண்டிருக்கலாம்.

இறந்தவர்களுக்கு என்ன நோய், எந்தக் கிருமி என்று விவாதம் நடத்த வேண்டுமானால் நடத்திக்கொள்ளுங்கள். சாப்பாட்டால்தான் என்று நிரூபித்தும் கொள்ளுங்கள். அப்படியே இருந்தாலும், ஒரு தெரு முழுக்க நாறுகிற தண்ணீரைப் பற்றிச் சொன்னபோது அந்தக் குழாயில் குளோரின் எவ்வளவு இருந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பதில் ஒரு எண். 0.2 என்றோ, சுழி என்றோ.

அந்த எண்ணைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. கட்டணம் பத்து ரூபாய், கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். உங்கள் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: எங்கள் தெருக்குழாயில் கடந்த மூன்று மாதம் எஞ்சிய குளோரின் எந்தெந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்தக் குழாயில் சோதிக்கப்பட்டது, அளவு என்ன, சோதித்தவர் பதவி என்ன, பதிவேட்டின் நகல் வேண்டும். அந்த நாட்களில் தண்ணீர் திறந்துவிட்ட நேரப் பட்டியலும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டத்தின் 7(1) பிரிவு, ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் முப்பது நாள் காத்திருக்க வேண்டாம், 48 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. பல்லாவரத்தில் நடந்ததைக் குறிப்பிட்டு, இது உயிர் சம்பந்தப்பட்டது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.